செரோட்டோனின்: ஊநீரில் பிறந்த பெயர்

செரோட்டோனின் என்று எழுதுகையில் நம் கை தானாகவே டகரத்தை இரட்டிக்கிறது. தனி டகரம் உயிர்களுக்கு நடுவே மெலிந்து ஒலித்துவிடும் என்பதால், வந்த சொல்லின் வல்லோசை கெடாதிருக்கத் தமிழ் இட்ட காவல் அது. இதழ்களில் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பட்டத்தோடு உலவும் இப்பெயரைப் பிரித்துப் பாருங்கள் சொல்லன்பரே, மகிழ்ச்சியைக் குறிக்கும் கூறு ஒன்றுகூட அதில் இல்லை. இருப்பவை ஊநீரும் விறைப்பும்.

1948-இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும், உயர் குருதியழுத்தத்தின் காரணத்தைத் தேடிய வழியில், உறைந்த குருதியின் ஊநீரில் தோன்றிக் குழாய்களைச் சுருக்கித் தம் ஆய்வுக்கு இடையூறாய் நின்ற பொருளை மாட்டுக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து, 'சீரம்', 'டோனிக்' என்னும் இரு சொற்களைப் பிணைத்து அதற்குப் பெயரிட்டனர். சீரம் இலத்தீன் சொல். பால் திரிந்து கட்டியானபின் ஒதுங்கும் தெளிநீரைக் குறித்தது. குருதி உறைந்தபின் அதேபோல் ஒதுங்கும் வெளிர்மஞ்சள் நீருக்கும் பின்னாளில் அதுவே பெயராயிற்று. நம் ஊநீரோ பாலை நினையாமல் ஊனையே நேரே சுட்டுகிறது.

டோனிக் என்பதன் அடியில் கிடக்கும் கிரேக்க 'டோனோஸ்' இழுத்துக் கட்டுதலைக் குறித்து, இழுத்துக் கட்டிய நரம்பின் ஒலிக்கும் பெயராகி, தசையின் விறைப்புக்கும் வந்து சேர்ந்தது. ஒலியைக் கேட்டவுடன் நம் 'தொனி' இதற்கு உறவென்று தோன்றும், உறவன்று. தொனி, ஒலித்தல் பொருள்படும் வடமொழி 'த்வனி'யின் தமிழ்வடிவம். உண்மையான உறவு வீணையின் 'தந்தி'! நீட்டுதல், இழுத்தல் என்னும் பொருளுடைய வடமொழி 'தன்' வேரில் பிறந்த 'தந்த்ரீ' தமிழில் தந்தியாயிற்று. அவ்வேரும் டோனோஸின் வேரும் ஒருதாய் மக்கள். ஓசை ஒத்தது அயலாகவும் ஓசை விலகியது உறவாகவும் வெளிப்படும் இத்தகைய இடங்களுக்காகவே வேர்களைத் தோண்டிக்கொண்டிருக்கலாம்.

செரோட்டோனினுக்கு மூத்த பெயர் ஒன்றும் உண்டு. 1930-களில் இத்தாலியின் பாவியா நகரில் விட்டோரியோ எர்ஸ்பாமர், குடற்சவ்விலிருந்து எடுத்த சாறு எலியின் கருப்பைத் தசையைச் சுருக்குவது கண்டு, குடலைக் குறிக்கும் கிரேக்க 'எண்டெரோன்' என்பதோடு 'அமீன்' சேர்த்து அதை 'எண்டராமின்' என்றார். 1949-இல் ராப்போர்ட் செரோட்டோனினின் கட்டமைப்பைக் கண்டறிய, 1952-இல் இரண்டும் ஒன்றே என்று எர்ஸ்பாமர் நிறுவினார். இளைய பெயர் நிலைத்தது. உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது என்பதால், உறைவிடம் சொன்ன மூத்த பெயரே பொருத்தமானது என்பேன்.

ஆனால் அளப்போருக்கு இளைய பெயர் தரும் குறிப்பு அரியது. நாளத்தில் ஓடும் குருதியில் ஊநீர் என்று தனியே ஒன்று இல்லை. வெளியே எடுத்து உறையவிட்டால்தான் அது பிறக்கிறது. குருதியின் செரோட்டோனின் பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் அடைபட்டுக் கிடப்பது. குருதி உறைகையில் அவை அதை வெளிவிடுகின்றன. ஆகவே ஊநீரில் அளந்தால் மிகுதியாகவும், உறையவிடாத குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் தட்டணுக்களைக் கவனமாக நீக்கி அளந்தால் மிகக் குறைவாகவும் காட்டும். சோதனைக் குழாயில் நிகழ்ந்ததைப் பெயர் பொய்யின்றிப் பதிந்து வைத்திருக்கிறது.

1953-இல் பெட்டி ட்வரோக், மட்டியின் இதயத் துடிப்பையே அளவுகோலாக்கி, பாலூட்டிகளின் மூளையிலும் செரோட்டோனின் உண்டெனக் காட்டினார். மகிழ்ச்சிப் பட்டத்துக்கு வழி திறந்தது அங்கேதான். ஆனால் குருதியிலுள்ள செரோட்டோனின் மூளைக்குள் புகுவதில்லை. குருதியில் அளந்த எண்ணைக் கொண்டு ஒருவர் மனத்தைக் கணிக்க இயலாது.

செரோட்டோனினை மிகுதியாகச் சுரக்கக்கூடிய கார்சினாய்டு கட்டியை ஐயுறும் மருத்துவர், பல வேளைகளில், 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் செய்து, செரோட்டோனின் சிதைந்து உண்டாகும் ஹைட்ராக்சி இந்தோல் அசெட்டிக் அமிலத்தை அளக்கச் சொல்வார். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகியவற்றில் செரோட்டோனின் இருப்பதால் அவற்றை முன்னரே விலக்கச் சொல்வார். அந்நீண்ட பெயரின் நடுவே நிற்கும் 'இந்தோல்', நீலச்சாயமாகிய 'இண்டிகோ'வையும் எண்ணெயைக் குறிக்கும் இலத்தீன் 'ஓலியம்' என்பதையும் கூட்டி ஆக்கியது. இண்டிகோவோ, 'இந்தியப் பொருள்' என்று கிரேக்கர் சொன்ன 'இண்டிகோன்' வழியே வந்தது. அவர்கள் அப்படிக் குறித்தது நம் அவுரிச் செடி தரும் நீலத்தை.