சென்ட்ரல் பார்க்கின் ஓட்டப் பாதைகள்: ஒரு வரலாறு

நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டிடங்களும் மஞ்சள் டாக்சிகளும் சுதந்திர தேவி சிலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரில் தினமும் ஓடுகிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது சென்ட்ரல் பார்க்கைத்தான். மன்ஹாட்டன் தீவின் நடுவே 843 ஏக்கர், நான்கு கிலோமீட்டர் நீளம். எந்த அளவு உடல் வலு உள்ளவருக்கும் அங்கே ஒரு பாதை உண்டு.

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு ஏரியைச் சுற்றிய மண் பாதை. மேடு பள்ளம் இல்லை, ஒரு சுற்று சுமார் 2.5 கி.மீ. தண்ணீரில் இரு கரைக் கட்டிடங்களின் நிழலும் விழும். கொஞ்சம் பழகியவர்களுக்குப் பூங்காவின் தென்பகுதியை மட்டும் சுற்றும் சாலை, ஏறக்குறைய 2.7 கி.மீ. முழுச் சுற்று என்றால் 9.8 கி.மீ. அதில் கிழக்குப் பக்கம் 'கேட் ஹில்' என்றொரு ஏற்றம் வரும். அங்கே பாறை மேல் பதுங்கியிருக்கும் சிறுத்தைச் சிலை, அறியாமல் வருகிறவர்களை ஒரு கணம் திடுக்கிட வைக்கும்! வட கோடியில் இருப்பது ஹார்லெம் ஹில். அதுதான் நிஜமான சோதனை. அது வேண்டாம் என்பவர்கள் 102ஆம் தெருக் குறுக்குப் பாதையில் திரும்பிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றுகூட ஓடுவதற்காகப் போட்ட பாதை இல்லை.

1858ஆம் ஆண்டு ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்ற இருவரின் வரைபடம் போட்டியில் வென்று, பூங்கா வேலை ஆரம்பமானது. சாலைகள் குதிரை வண்டிகளில் உலா வருகிறவர்களுக்காகப் போடப்பட்டன. நேர்ச் சாலையாக இருந்தால் பணக்கார இளைஞர்கள் குதிரைப் பந்தயம் விடுவார்கள் என்பதால் வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போட்டார்கள். வேகத்தைத் தடுக்கப் போட்ட அந்த வளைவுகள்தான் இன்று ஓடுகிறவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் காப்பாற்றுகின்றன. ஏரி என்று சொன்னோமே, அதுவும் இயற்கையான ஏரி அல்ல. நகரத்தின் குடிநீருக்காக 1862இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சுமார் 380 கோடி லிட்டர் கொள்ளும். 1993இல் குடிநீர் வழங்கும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதன் கரையில் ஓடி வந்தவர்களில் ஒருவர் அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின். அவர் மறைந்த 1994இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பூங்கா வெற்று நிலத்தில் எழவில்லை. மேற்குப் பக்கம் 82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெரு வரை செனெக்கா கிராமம் என்ற ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கிக் குடியேறிய இடம். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட வேண்டுமானால் சொத்து இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. ஆகவே அந்த நிலத்தின் மதிப்பு வெறும் நிலத்தின் மதிப்பு மட்டுமல்ல. பிறகு ஐரிஷ் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், சுமார் 225 பேர். பூங்காவுக்காக 1857க்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். 2011இல் அங்கே தோண்டிப் பார்த்தபோது ஒரு இரும்புக் கெட்டிலும், ஒரு சின்னத் தோல் செருப்பும் கிடைத்தன. மேற்குச் சாலையில் ஓடுகிறவர்கள் தினமும் அந்த ஊரை ஒட்டித்தான் கடந்து போகிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டி போய்க் கார் வந்தது. 1966இல் வார இறுதிகளில் மட்டும் கார்களை நிறுத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் சாலையின் நடுவே நிம்மதியாக ஓட முடிந்தது. (கார்களை முழுவதுமாக வெளியேற்ற 2018 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு!)

1970 செப்டம்பர் 13 அன்று இந்தப் பூங்காவுக்குள்ளேயே நியூயார்க்கின் முதல் மாரத்தான் நடந்தது. முக்கிய அமைப்பாளர் ஃபிரெட் லெபோ, ருமேனியாவிலிருந்து வந்த யூதர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். பெயர் கொடுத்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். நல்ல வெயில், அதே ஏற்றங்களைத் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். வென்றவர் கேரி மர்க்கி என்ற தீயணைப்பு வீரர். முன்னணியில் வந்தவர்களுக்குப் பரிசாக மலிவு விலைக் கைக்கடிகாரங்கள் கொடுத்தார்கள். லெபோவும் ஓடினார், 45ஆவதாக வந்தார்.

அந்த 127 பேரில் ஒரே ஒரு பெண். நினா குசிக். உடல்நலமில்லாமல் பாதியில் நின்றுவிட்டார். நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கேடு என்று சொல்பவர்கள் நிறைந்திருந்த காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில்கூடப் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர்தான்! ஆனால் அதற்கு முந்தைய வருடமே இந்தப் பூங்காவில் பெத் பானர், நினா குசிக் என்ற இரண்டு பெண்கள் மூன்று மணி நேரத்துக்குள் 42 கி.மீ. ஓடி முடித்திருந்தார்கள். கண் முன்னே நடந்ததையும் நம்ப மனமில்லாதவர்கள் விதி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1972 ஜூனில் பெண்களுக்கு மட்டுமான முதல் சாலை ஓட்டத்தை இதே பூங்காவில் நடத்தினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். அக்டோபர் 1 மாரத்தானில்தான் பிரச்சினை வெடித்தது. பெண்கள் ஓடலாம், ஆனால் ஆண்களோடு சேர்ந்து புறப்படக்கூடாது, பத்து நிமிடம் முன்பே தனியாகப் புறப்பட வேண்டும் என்றது அமெச்சூர் அத்லெடிக் யூனியன். பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்கள் ஓடவில்லை. கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கையில் யூனியனைக் கண்டிக்கும் அட்டைகள். பத்து நிமிடம் அப்படியே இருந்தார்கள். ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். யூனியன் விட்டுவிடவில்லை, உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தையும் அவர்கள் ஓடிய நேரத்தோடு கூட்டியது. முதலில் வந்த பெண் நினா குசிக். அந்த விதி விரைவிலேயே ஒழிந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானும் சேர்ந்தது.

ஓடலாம் என்று விதி மாறினாலும் பயமில்லாமல் ஓடுவது வேறு விஷயம். 1989 ஏப்ரல் 19 இரவு, பூங்காவின் வடபகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து கறுப்பின, லத்தீன் இனப் பையன்களைப் பிடித்தது போலீஸ். மணிக்கணக்கில் விசாரித்து வாக்குமூலம் வாங்கியது. மரபணுச் சோதனை ஒருவரோடும் பொருந்தவில்லை. ஆனாலும் தண்டனை கிடைத்தது, சிறையில் வளர்ந்தார்கள். 2002இல் உண்மையான குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான், மரபணுவும் அவனுடையதே. தீர்ப்புகள் ரத்தாயின. 2014இல் நகரம் 4.1 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது.

தாக்கப்பட்ட பெண் பிழைக்க மாட்டார் என்றார்கள். அவர் பிழைத்து, நடக்கப் பழகி, 1995இல் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தார். 1976இலேயே அந்த ஓட்டம் நகரின் ஐந்து பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது என்றாலும், முடியும் இடம் இன்றும் சென்ட்ரல் பார்க்தான்.

அந்த ஐந்து பேரின் நினைவாக 2022 டிசம்பரில் 110ஆம் தெரு வாசலுக்கு 'குற்றமற்றவர்களின் வாயில்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். கிழக்கிலிருந்து முழுச் சுற்று ஓடி வருகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டியதும் ஹார்லெம் ஹில் ஏற்றம் தொடங்குகிறது.