ஐயா, உங்க பொக்கிஷம் போலி!

பழைய காசு, பழைய புத்தகம்னு எதையாவது சேர்த்துக்கிட்டு அலையற ஆசாமிகளுக்கு ஒரு தர்மசங்கடம் கட்டாயம் வரும். கூட்டாளி ஒருத்தர் ஆசை ஆசையாக ஒரு பொருளை நீட்டுவார். பார்த்த உடனேயே போலி என்று தெரிந்துவிடும். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். இப்ப என்ன சொல்றது?

சில வருஷம் முன்னாடி எங்கள் நாணயக் கோஷ்டி கூடியபோது ஒரு பெரியவர் வெல்வெட் டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். தாத்தா கொடுத்ததாம். கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. அது பிளாட்ஃபாரக் கடைச் சரக்கு. (இதையே 'அரிசியை இழுக்கும்' என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டினவர்களும் உண்டு.) எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் பட்டென்று, "சார், இது டுபாக்கூர்" என்றான். எல்லாரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான். பெரியவர் டப்பாவை மூடினார். அதற்கப்புறம் கூட்டத்துக்கு வரவே இல்லை.

பையன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது லண்டனில் நடந்த தாமஸ் ஜே. வைஸ் விவகாரம்.

வைஸ் 1859-ல் பிறந்தவர். வாசனை எண்ணெய் வியாபாரக் கம்பெனியில் சாதாரண வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். சம்பாதித்ததையெல்லாம் புத்தகத்தில் போட்டார். ஷெல்லி, பிரவுனிங், டென்னிசன், ஸ்வின்பர்ன் முதல் பதிப்புகள் என்றால் அவர் சொன்னதுதான் வேதம். அவர் போட்ட நூற்பட்டியல்களை வைத்துத்தான் கடைக்காரர்கள் விலையே சொல்வார்கள். இங்கிலாந்தின் நூலியல் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அடுத்தவர் செய்த போலிப் பதிப்புகளைக் கண்டால் கிழிகிழியென்று கிழிப்பார்!

அவர் 'கண்டுபிடித்த' அபூர்வங்களில் முக்கியமானது எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் சானெட்டுகள். அவை வெளியுலகுக்கு வந்தது 1850-ல். அதற்கு முன்பே, 1847-ல், ரெடிங் ஊரில் நண்பர்களுக்கு மட்டும் என்று அச்சான சின்னப் பிரசுரம் ஒன்று உண்டு என்றார் வைஸ். பென்னட் என்ற பெரியவர் வீட்டுக்குப் போய், சூடான டோஸ்ட்டும் சாசேஜும் சாப்பிட்டுவிட்டு, பணம் கொடுத்து வாங்கினாராம். டோஸ்ட் வரைக்கும் சொல்ற ஆள் பொய் சொல்வாரா? எல்லாரும் நம்பினார்கள்.

சந்தேகம் முதலில் வந்தது ரஸ்கினின் எழுத்துகளைத் தொகுத்த குக், வெடர்பர்ன் இருவருக்கு. 1903-ல் தொடங்கி வந்த அந்தப் பெரிய தொகுப்பில், ரஸ்கின் பேரில் உள்ள சில பிரசுரங்கள் போலி என்றே எழுதினார்கள். 1864 என்று தேதி போட்ட ஒரு பிரசுரத்தில், ரஸ்கின் 1871-ல் செய்த திருத்தங்கள் இருந்தன! இதைவிட என்ன வேணும்? ஆனால் அதை நூல் விவரக் குறிப்புக்குள் அடக்கமாக வைத்துவிட்டார்கள். சேகரிப்பவர்கள் கண்ணில் படவே இல்லை. இன்னும் முப்பது வருஷம் வியாபாரம் ஜோராக நடந்தது. மென்மையாச் சொல்றேன் பேர்வழின்னு யாருக்கும் காதில் விழாத மாதிரி சொன்னால் இதுதான் கதி.

1930களில் இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் வந்தார்கள். ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட். ரெடிங் பிரசுரத்தில் ஆசிரியை கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி ஒன்றுகூட ஏன் இல்லை? அந்தக் காலத்து பைண்டிங்கில் ஒன்றுகூட ஏன் இல்லை? எல்லாமே ஏன் புத்தம் புதுசாக இருக்கின்றன? காகிதத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளே ரசாயன முறையில் செய்த மரக்கூழ். இங்கிலாந்தில் 1874-க்கு முன் அந்தக் காகிதமே கிடையாது. அடுத்து எழுத்து. பழைய அச்செழுத்தில் எஃப், ஜே இரண்டின் நுனியும் பக்கத்து எழுத்து மேல் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் நுனி சுருக்கப்பட்ட எழுத்து, கூடவே வேறு வார்ப்பிலிருந்து வந்த கேள்விக்குறி. இந்தக் கலப்படத்தைத் துரத்திப் போனால் ரிச்சர்ட் கிளே அச்சகத்தில் வந்து நின்றது. வழி காட்டியது எது தெரியுமா? 1893-ல் வைஸே கிளேயிடம் கொடுத்து பகிரங்கமாக அச்சடித்த ஒரு மறுபதிப்பு :-)

இந்த இடத்தில்தான் இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். கையில் வெடிகுண்டு இருக்கிறது. நேராகப் பத்திரிகைக்கு ஓடவில்லை. 1933 அக்டோபரில் பொல்லார்ட் ஹாம்ஸ்டெட்டில் வைஸ் வீட்டுக்குப் போனார். ஆதாரங்களை அவர் முன்னால் வைத்து, இதற்கு உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டார். 74 வயசுக்காரர். குறிப்புகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம் கோர்ஃபினைப் பிடித்தது. கோர்ஃபின் ஒரு காலத்தில் வைஸிடம் எடுபிடிப் பையனாக இருந்தவர், பிறகு புத்தகக் கடைக்காரர். 1909 வாக்கில் வைஸிடமிருந்தே இந்தப் பிரசுரங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, உண்மையென்று நம்பி விற்றுக்கொண்டிருந்தார். தன் சேமிப்பு மொத்தமும் குப்பை என்று அவர் தெரிந்துகொண்டது கார்ட்டர், பொல்லார்டின் விசாரணையில்தான். வைஸோ, மிச்சச் சரக்கை நானே எடுத்துக்கறேன், எல்லாம் பக்ஸ்டன் ஃபோர்மனிடமிருந்து வந்ததுன்னு நீ சொல்லிடு என்றார். ஃபோர்மன் 1917-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், வந்து மறுக்கவா போகிறார்? கோர்ஃபின் பணத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் உண்மையை இளைஞர்களிடம் சொல்லிவிட்டார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பாவமாகத் தெரிகிறவர் இவர்தான்.

1934 மே மாதம் வைஸ் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்'டுக்குக் கடிதம் எழுதினார். பென்னட், டோஸ்ட் எல்லாம் காணாமல் போய், ஃபோர்மன் கதை வந்தது. ஜூலையில் புத்தகம் வெளியானது. தலைப்பிலேயே எவ்வளவு அடக்கம் பாருங்க: 'பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசுரங்கள் சிலவற்றின் தன்மை பற்றிய ஒரு விசாரணை'. சுமார் 50 பிரசுரங்கள். ஒவ்வொன்றுக்கும் காகிதம் என்ன, எழுத்து என்ன, எந்தப் பட்டியலில் எப்போது முதலில் வந்தது என்று வரிசையாக. கள்ளன் வைஸ்தான் என்று ஓரிடத்திலும் நேராக எழுதவில்லை. மானநஷ்ட வழக்குப் பயமும் உண்டு, ஒத்துக்கறேன். ஆனால் பொருளைப் பற்றி மட்டும் பேசியதால் யார் வேண்டுமானாலும் அதே சோதனையைச் செய்து பார்க்க முடிந்தது. கொஞ்சம் குசும்பும் இருந்தது. அபூர்வப் பதிப்புகளைப் போலியாக அச்சடிப்பவன் மாட்டாமல் தப்பவே முடியாது என்று வைஸ் முன்பு எழுதியிருந்ததை எடுத்துப் புத்தக முகப்பிலேயே போட்டுவிட்டார்கள்!

வைஸ் உடம்பு சரியில்லை என்று வாயைத் திறக்கவில்லை. 1937-ல் இறந்தார். ஃபோர்மன் உண்மையிலேயே கூட்டாளி என்பது 1945-ல் வெளியான கடிதத்தில் தெரிந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய நாடகப் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்துத் தன் பிரதிகளில் வைஸ் ஒட்டிக்கொண்டது 1950களில் தெரிந்தது. சிகாகோ சேகரிப்பாளர் ரென் 1911-ல் இறக்கும்வரை வைஸை உற்ற நண்பர் என்றே நம்பினார். அவர் தலையில் கட்டிய சரக்கெல்லாம் இப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில். அவரிடம் யாருமே சொல்லவில்லை. ஒருவகையில் பாக்கியசாலி, இன்னொரு வகையில் ஏமாளியாகவே போய்விட்டார்.

ரென்னைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் பெரியவர் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன். தனியாகப் போனேன். ஒரு லென்ஸும் 1808-ல் பர்மிங்ஹாமில் சென்னை ராஜதானிக்காக அடித்த 20 காசு ஒன்றும் கையில். "கம்பெனிக் காசு சார், உங்களுதோட வச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். இரண்டையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்களே, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் வந்து சொல்ல இத்தனை வருஷமா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. ராமர் காசைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினார். என் காசை மறுபடி லென்ஸுக்கு அடியில் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார்.