சான்றிதழும் குறடும்

1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் செய்த துணி வியாபாரத்துக்கு 1690 வரை அதுதான் தலைமையகம். கோட்டைக்குள் சிப்பாய்களும் எழுத்தர்களும் குடியிருந்தார்கள். பல்வலி அவர்களையும் விட்டுவைத்திருக்காது. அக்கால ஐரோப்பாவில் பல் வைத்தியர் என்று தனியாக ஒருவர் கிடையாது. முடிதிருத்தும் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த ரணவைத்தியர்தான் கட்டியைக் கீறுவார், காலை வெட்டுவார், பல்லையும் பிடுங்குவார். டச்சுக் கம்பெனியின் ரணவைத்தியர்கள் கப்பலேறும் முன் ஒரு தேர்வில் தேற வேண்டியிருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையைப் பொறுத்தவரை, பல் பிடுங்குபவரின் தகுதியை யாரோ ஒருவர் சோதித்ததன் கதை அந்தத் தேர்வில்தான் தொடங்குகிறது எனலாம்.

போட்டிக் கம்பெனியான ஆங்கிலேயரிடம் ஜான் வுடால் என்ற தலைமை ரணவைத்தியர் இருந்தார். கப்பல் வைத்தியரின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1617இல் ஒரு புத்தகமே போட்டார். பல்லுக்கென்று மட்டும் குறடுகள், நெம்பிகள், சிறு அரங்கள் அதில் உண்டு. ‘பெலிகன்’ என்றொரு கருவியும் உண்டு. முனை கூழைக்கடாவின் அலகு போல வளைந்திருந்ததால் அந்தப் பெயர். நிஜக் கூழைக்கடாவுக்குப் பழவேற்காட்டில் இன்றும் பஞ்சமில்லை. பெட்டியில் கருவி இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. வரவும் முடியாது; கிருமி என்ற ஒன்றை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

கோட்டைக்கு வெளியே நாவிதரும் நாட்டு வைத்தியரும் சந்தையில் துணி விரித்து உட்கார்ந்தவரும்தான் பல் பிடுங்கினார்கள். சென்னையில் இவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்தது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் 1930களில் இங்கே வந்து பாரிமுனைப் பக்கம் பல் கடை போட்டன. அப்பாவிடம் மகன் பார்த்துப் பழகிய தொழில் அது. பேரப்பிள்ளைகள் பிற்பாடு முறையாகப் பல் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார்கள். முதல் தலைமுறையைச் சோதித்தது வாய்மொழி மட்டும்தான். கைராசி உண்டென்றால் கூட்டம் வரும், சீழ் பிடித்தால் வராது.

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் ரஃபியுதீன் அகமது. அவருடைய முயற்சியால் 1939இல் வங்காளத்தில் ஒரு சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. அடுத்த ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு திறந்தது. 1948 சட்டம் ஒரு சமரசமும் செய்துகொண்டது. பட்டம் பெற்றவர்கள் பதிவேட்டின் ‘அ’ பகுதிக்குப் போனார்கள். பட்டமில்லாமல் குறைந்தது 5 ஆண்டுகள் இதையே பிழைப்பாகச் செய்தவர்களுக்கு ‘ஆ’ பகுதி கிடைத்தது. அது நியாயமான ஏற்பாடுதான். விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டதாரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நாட்டுக்குப் பல் பார்க்க முடியாது.

ஆனால் பதிவேடு மனிதரை மட்டுமே பார்த்தது. கவுன்சிலின் ஆய்வாளர்கள் கல்லூரிகளுக்குப் போய் நாற்காலிகளையும் பேராசிரியர்களையும் எண்ணினார்கள். தெருமுனைக் கிளினிக்கில் குறடு கொதித்ததா, வெறுமே கழுவப்பட்டதா என்று கேட்க யாரும் போகவில்லை. நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவை 1879இலேயே பிரான்ஸின் சார்லஸ் ஷாம்பர்லான் செய்துவிட்டார். 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் போதும். அதன் பிறகும் நம் ஊர்க் கிளினிக்குகளில் ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது வெகுகாலம் ஓடியது.

உலகை உலுக்கியது அமெரிக்காவின் ஃப்ளோரிடா. அங்கே ஒரு பல் மருத்துவரிடம் பல் எடுத்துக்கொண்ட இளம்பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று 1990இல் அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அதே மருத்துவரிடம் போன இன்னும் ஐந்து பேருக்கும் தொற்று இருந்தது. எப்படித் தொற்றியது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. கையுறையும் முகக்கவசமும் பல் மருத்துவத்தில் கட்டாயப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். இங்கிலாந்தில் 2011 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பல் கிளினிக்கும் ஓர் அரசு ஆணையத்திடம் பதிவு செய்து, ஆய்வுக்கும் உட்பட வேண்டும் என்றானது.

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல்! சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பீரோவில் தூங்கியது. இன்று பல் கிளினிக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்ய வேண்டும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் போக வேண்டும். ஊசியையும் ரத்தம் பட்ட பஞ்சையும் 2016 விதிகளின்படி தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

இத்தனை விதிகளுக்கு நடுவேதான் வாணியம்பாடி நடந்தது. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் வட மாவட்டங்களில் 21 பேருக்கு வந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கண்டுபிடித்தார்கள். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்தில் 8 பேர் இறந்தார்கள். கிளினிக்கில் துழாவியபோது அகப்பட்டது ஒரு சலைன் பாட்டில். பல் ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியாலேயே அதன் மூடியைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். பஞ்சை வைத்துப் பாட்டிலின் வாயை அடைத்திருக்கிறார்கள். மிச்சத்தை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். திறந்த பாட்டிலில் கிருமி இருந்தது, திறக்காத பாட்டில்களில் இல்லை. ஆய்வு 2025இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் வெளியான பிறகுதான் செய்தி ஊரெல்லாம் பரவியது.

எட்டு உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பெரிய இயந்திரமொன்றும் இல்லை. ‘திறந்த பாட்டிலை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கும் ஓர் ஆய்வாளர் போதும். 1948 சட்டத்தின் இடத்துக்குத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. படிப்பு, பட்டம், பதிவு என்று அதுவும் பெரும்பாலும் மனிதரைப் பற்றியே பேசுகிறது. குறடைப் பார்க்கும் பொறுப்பு மாநிலத்தின் 1997 சட்டத்தின் தலையில்தான் இன்னும் கிடக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னறிவிப்பின்றிப் படியேறி ஆய்வு செய்யும் ஆட்கள்தான் போதவில்லை.

பழவேற்காட்டுப் பக்கத்துக் காட்டூரில் ஒருவருக்குப் பல் வலித்தால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ, பொன்னேரி, மீஞ்சூர் கடைத்தெருக்களில் இருக்கும் தனியார் கிளினிக்குக்கோதான் பஸ் ஏற வேண்டும். கூலி நாளை விட்டுவிட்டு வந்தவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு மருத்துவரைக் கேள்வி கேட்பது சுலபமில்லைதான். ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் எங்கே? கருவிகள் ஒட்டிய உறைக்குள் இருக்கின்றனவா, அந்த உறையை உங்கள் கண் முன்னே கிழிக்கிறார்களா? சலைன் பாட்டில் புதிதா? முறையாக நடத்தும் மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு புகாரும் எழுதிப் போடுங்கள்.