லைடன்: குடியேறியவர்களால் வளர்ந்த பல்கலைக்கழக நகரம்

லைடன், நெதர்லாந்து நாட்டின் தெற்கு ஹாலந்து மாநிலத்தில் பழைய ரைன் ஆற்றின் கரையில் அமைந்துள்ள நகரமாகும். ஆம்ஸ்டர்டாமுக்கும் தி ஹேக் நகருக்கும் இடையில் இது உள்ளது. இன்றைய நெதர்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1575-இல் இங்குத் தொடங்கப்பட்டது. தமிழக வரலாறு படிப்போருக்கு இந்த ஊரின் பெயர் புதிதன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறும் சோழர் செப்பேடுகள் நீண்ட காலம் இப்பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. அதனால் அவை ‘லைடன் செப்பேடுகள்’ என்றே பெயர் பெற்றன.

இன்று பல நாடுகளிலிருந்து மாணவர்களும் ஆய்வாளர்களும் பணியாளர்களும் லைடனுக்குக் குடிபெயர்கின்றனர். இது புதிய போக்கு அன்று. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரம் வெளியிலிருந்து வந்தவர்களாலேயே வளர்ந்துள்ளது. வந்தவர்கள் இரு வகையினர். நகரம் தேடிச்சென்று அழைத்து வந்தவர்கள் ஒரு வகை. பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் தாமாக வந்தவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகையினருக்கும் கிடைத்த வாழ்க்கை ஒன்றுபோல் இருக்கவில்லை.

முற்றுகையும் பல்கலைக்கழகமும்

16-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதிகள் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டன. கிளர்ச்சியாளர் பக்கம் நின்ற லைடனை ஸ்பானியப் படை 1573-74-இல் இருமுறை முற்றுகையிட்டது. இரண்டாவது முற்றுகையின்போது பசியும் கொள்ளைநோயும் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொன்றன. கிளர்ச்சியாளர்கள் கடல்தடுப்புக் கரைகளை உடைத்து வயல்களில் நீரைப் புகவிட்டனர். தட்டையான படகுகளில் உதவிப் படை வந்துசேர, 1574 அக்டோபர் 3 அன்று நகரம் மீட்கப்பட்டது. அந்த நாளை லைடன் மக்கள் ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் வழங்கி இன்றும் கொண்டாடுகின்றனர்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் முயற்சியால் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று இளவரசர் கேட்டதாகவும், நகர மக்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. ஆனால் புதிய நாட்டிற்குச் சமயகுருமார்களும் சட்டம் அறிந்த அலுவலர்களும் தேவைப்பட்டனர் என்பதே முதன்மைக் காரணம். அதன் பட்டயம், எந்த மன்னரை எதிர்த்துப் போர் நடந்ததோ அந்தப் பிலிப்பின் பெயராலேயே வெளியிடப்பட்டது என்பது வியப்புக்குரியது.

அழைத்து வரப்பட்ட அறிஞர்கள்

புதிய பல்கலைக்கழகத்திற்குப் பெயர் கிடைக்கவேண்டுமானால் பெயர்பெற்ற அறிஞர்கள் வேண்டும். உள்ளூரில் அவர்கள் போதிய அளவில் இல்லை. எனவே நிர்வாகிகள் ஐரோப்பா முழுவதும் தேடினர். தென் நெதர்லாந்திலிருந்து யூஸ்டஸ் லிப்சியஸ் வந்தார். அவர் 1591-இல் விலகிச் சென்றபின் பிரான்சிலிருந்து ஜோசப் ஸ்காலிகர் வரவழைக்கப்பட்டார். பாடம் நடத்தும் கடமை இல்லை என்னும் சலுகையோடு அவர் 1593-இல் வந்தார். அதே ஆண்டு தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் தம் 67-ஆம் வயதில் பிராங்க்பர்ட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தை அமைத்தார். நெதர்லாந்தில் டியூலிப் மலர் பரவியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

லத்தீன் பயிற்றுமொழியாக இருந்ததால் இந்த அறிஞர்கள் டச்சு மொழி கற்காமலே காலம் தள்ள முடிந்தது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோருக்குத் தனி நீதிமன்றமும், பீர், ஒயின் ஆகியவற்றின்மீது வரிவிலக்கும் இருந்தன. அறிஞர்களைப் பின்தொடர்ந்து அச்சகத்தாரும் வந்தனர். லூவன் நகரத்தவரான லூயிஸ் எல்சவீர் 1580-இல் லைடனில் குடியேறினார். அவருடைய வழியினரின் அச்சகமே கலிலியோவின் ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலை 1638-இல் இங்கு வெளியிட்டது. பிரெஞ்சுக்காரரான டெகார்ட்டின் புகழ்பெற்ற நூலாகிய ‘முறை பற்றிய உரை’யும் 1637-இல் லைடனில்தான் அச்சானது.

நெசவாளர் வருகை

நகரத்தின் செல்வத்தை வளர்த்தவர்கள் அறிஞர்கள் அல்லர், நெசவாளர்களே. லைடனின் பழைய கம்பளித் தொழில் 16-ஆம் நூற்றாண்டில் நலிந்துபோயிருந்தது. அதே காலத்தில் தெற்கே பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து புரோட்டஸ்டண்ட் மக்கள் போருக்கும் சமய ஒடுக்குமுறைக்கும் அஞ்சி வெளியேறினர். ஹோண்ட்ஸ்கோட் என்னும் ஊரின் நெசவாளர்கள் மெல்லிய, விலை குறைந்த புதுவகைக் கம்பளித் துணி நெய்யும் திறனை லைடனுக்குக் கொண்டுவந்தனர். நகர நிர்வாகம் அவர்களை வரவேற்றது. பிரெஞ்சு பேசிய வாலோன் மக்களுக்கு வழிபாட்டுக்கென ஒரு தேவாலயமும் கிடைத்தது.

1581-இல் சுமார் 12,000 ஆக இருந்த மக்கள்தொகை 1622-இல் சுமார் 45,000 ஆயிற்று. 1670 வாக்கில் 60,000-ஐத் தாண்டியது. ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய நகரம் என்னும் நிலையை லைடன் அடைந்தது. துணிகளைச் சோதித்து முத்திரையிட 1640-இல் கட்டப்பட்ட லாக்கன்ஹால் மாளிகை இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

இந்த வளர்ச்சியின் மறுபக்கம் இடநெருக்கடி. 1611, 1644, 1659 ஆகிய ஆண்டுகளில் நகர எல்லை விரிவாக்கப்பட்டும் வீடுகள் போதவில்லை. நெசவாளர் குடும்பங்கள் தறியையும் படுக்கையையும் ஒரே சிறு வீட்டிற்குள் வைத்து வாழ்ந்தன. 1635-இல் வந்த கொள்ளைநோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதற்காகப் பிற ஊர்களிலிருந்து சிறுவர்களும் கொண்டுவரப்பட்டனர். அறிஞர்கள் வாழ்ந்த ராப்பன்பர்க் கால்வாய்க் கரைக்கும் நெசவாளர் தெருக்களுக்கும் சில நிமிட நடைதூரமே. வாழ்க்கையின் தூரம் மிகப் பெரிது.

ஆங்கிலேயக் குடியேறிகள்

தாமாக வந்தவர்களின் நிலையை அறிய, பின்னாளில் ‘பில்கிரிம்கள்’ எனப்பட்ட ஆங்கிலேயர்களின் வரலாறு உதவும். இவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள். முதலில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தனர். பின், சுமார் நூறு பேர் லைடனில் குடியேற அனுமதி வேண்டி, அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் 1609 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். சட்டத்துக்கு அடங்கி நேர்மையாக நடப்போர் எவரையும் நகரம் தடுப்பதில்லை என்பதே நிர்வாகத்தின் விடையாக இருந்தது. இங்கிலாந்து அரசின் தரப்பில் எதிர்ப்பு எழுந்தபோதும் நகரம் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை.

நகருக்குள் நுழைவது எளிதாயிற்று. வாழ்வதுதான் கடினமாயிற்று. ஊரில் உழவர்களாக இருந்தவர்கள் இங்கே துணித் தொழிலில் நாள் முழுதும் உழைத்தனர். பிற்காலத்தில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்போர்டு லைடனில் நெசவுத் தொழில் செய்து, 1612-இல் நகரக் குடியுரிமை பெற்றார். வில்லியம் புரூஸ்டர் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தும் அச்சகம் நடத்தியும் பிழைத்தார். இங்கிலாந்து மன்னரைச் சினமூட்டும் நூல்களை வெளியிட்டதால் அந்த அச்சகம் 1619-இல் மூடப்பட்டது. நகரம் அளித்த சுதந்திரத்திற்கும் ஓர் எல்லை இருந்தது.

கடும் உழைப்பால் பெற்றோர் விரைவில் முதுமை எய்தினர். பிள்ளைகளும் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. அவர்கள் டச்சுப் பழக்கவழக்கங்களில் கலந்துவிடுவரோ என்ற கவலை பெற்றோருக்கு எழுந்தது. ஸ்பெயினுடன் செய்த போர்நிறுத்தமும் 1621-இல் முடிய இருந்தது. இக்காரணங்களை பிராட்போர்டே பதிவு செய்துள்ளார். 1620-இல் ஒரு பகுதியினர் டெல்ஃப்ஸ்ஹாவன் துறைமுகம் வழியாகப் புறப்பட்டு, ‘மேஃபிளவர்’ கப்பலில் அமெரிக்கா சென்றனர். சபையின் பெரும்பகுதியினர் லைடனிலேயே தங்கினர். ராபின்சனும் 1625-இல் இங்கேயே இறந்து, பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியோரின் பிள்ளைகள் காலப்போக்கில் டச்சு மக்களோடு கலந்தனர்.

தேய்வும் மறுமலர்ச்சியும்

18-ஆம் நூற்றாண்டில் துணித் தொழில் போட்டியைத் தாங்காமல் சரிந்தது. 1800 வாக்கில் மக்கள்தொகை சுமார் 30,000 ஆகக் குறைந்தது. வேலை இல்லாத நகரத்திற்கு வருவோரும் இல்லை. 1807 ஜனவரி 12 அன்று வெடிமருந்துக் கப்பல் ஒன்று நகரின் நடுவே வெடித்து ஒரு குடியிருப்புப் பகுதியையே அழித்தது. அந்த இடத்தின் ஒரு பகுதி இன்று பூங்காவாக உள்ளது.

மீண்டும் பெயர் தந்தது பல்கலைக்கழகமே. காமர்லிங் ஓன்னஸ் 1908-இல் இங்கு ஹீலியத்தைத் திரவமாக்கினார். இயற்பியலாளர் லோரன்ட்சின் இடத்திற்கு 1912-இல் வியன்னாவில் பிறந்த பால் எரன்ஃபெஸ்ட் வந்தார். அவருடைய நண்பர் ஐன்ஸ்டைன் 1920-இல் லைடனின் சிறப்புப் பேராசிரியரானார்.

‘சுதந்திரத்தின் அரண்’ என்னும் பொருளுடைய பல்கலைக்கழகக் குறிக்கோள் 1940-இல் சோதனைக்குள்ளானது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அரசு யூதப் பேராசிரியர்களை நீக்கியது. தம் ஆசிரியரும் சக பேராசிரியருமான மெய்யர்ஸ் நீக்கப்பட்டதைக் கண்டித்து நவம்பர் 26 அன்று ருடால்ஃப் கிளேவரிங்கா உரையாற்றினார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கிளேவரிங்கா சிறையில் அடைக்கப்பட்டார். நாட்டில் பிறந்தவரையே அந்நியராக்கிய ஆணை அது.

இன்றைய குடியேற்றம்

இன்று லைடனுக்குக் குடிபெயர்வோர் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்து குடிமக்கள் சேவை எண் பெறவேண்டும். வங்கி, சம்பளம், மருத்துவக் காப்பீடு அனைத்திற்கும் அந்த எண் தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் தங்க வருவோருக்கு வசிப்பிட அனுமதியும் வேண்டும். மாணவர்களுக்கு இதற்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகமே அளிக்கிறது. பதிவுசெய்யத்தக்க முகவரி கிடைப்பதே முதல் தடை. 17-ஆம் நூற்றாண்டைப் போலவே இப்போதும் வீட்டுப் பற்றாக்குறைதான் புதிதாக வருவோரின் பெருங்கவலை.

பழைய வேறுபாடும் மறையவில்லை. வெளிநாட்டிலிருந்து அழைக்கப்படும் திறன்மிக்க பணியாளரின் ஊதியத்தில் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு அளிக்கும் ஏற்பாடு உள்ளது. அறிஞர்களுக்கு அன்று தந்த சலுகையை அது நினைவூட்டுகிறது. அன்று லத்தீன் இருந்த இடத்தில் இன்று ஆங்கிலம் உள்ளது. வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் அது போதும். ஆனால் அண்டை வீட்டாரோடு பழகவும் பிள்ளைகளின் பள்ளிக் கூட்டத்தில் பேசவும் டச்சு மொழி வேண்டும்.

லைடன் தன் கதவைத் திறந்தது வெறும் இரக்கத்தால் அன்று. அறிவும் உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டன. அந்தத் தேவை இருந்தவரை நகரம் செழித்தது. ஆனால் ஸ்காலிகரின் பெயர் நூல்களில் இருக்க, தறியில் உழைத்த சிறுவர்களின் பெயர்களைச் சொல்வாரில்லை. ஒரு நகரம் அயலாரை எவ்வாறு ஏற்றது என்று அறிய, அது அழைத்து வந்தவரோடு அழைக்காமல் வந்தவரையும் எப்படி நடத்தியது என்று பார்க்கவேண்டும்.