சேர்வராயன் மலையில் ஒரு சேஸிஸ்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. பைக் பைத்தியங்களுக்கு அது சொர்க்கம். அந்தச் செம்மண்ணில் பாக்சைட் இருக்கு என்பது பலருக்குத் தெரியாது. சேர்வராயன் மலையைத் தோண்டி எடுத்த கல் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆனது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அங்கே 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

உலகத்தில் பைக்குகள் எடை குறைந்ததும் அலுமினியத்தால்தான். 1983-ல் சுசூகி ஆர்ஜி 250 காமா அலுமினிய சேஸிஸோடு கடைக்கே வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங், கார்பன் ஃபைபரில் ஒரு 250 சிசி ரேஸ் பைக்கைக் கட்டியது.

டிராக் பைக் கட்டும் கனவுள்ள என் நண்பன், "கார்பன்தான்டா, அலுமினியமெல்லாம் பழசு" என்பான். நான் டுகாட்டி கதையைச் சொல்வேன். 2009-ல் டுகாட்டி மோட்டோஜிபியில் கார்பன் சேஸிஸை இறக்கியது. முதல் ரேஸையே ஸ்டோனர் ஜெயித்தார். 2011-ல் ரோஸி வந்தார். அந்த வருஷம் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. முன் டயர் என்ன செய்யுதுன்னே தெரியலை என்பதுதான் அவர் குறை. 2012-ல் டுகாட்டி அலுமினியத்துக்கு மாறியது.

வளைவில் பைக் நன்றாகச் சாய்ந்திருக்கும்போது சஸ்பென்ஷனால் குலுக்கலை முழுசா வாங்க முடியாது. சேஸிஸ் பக்கவாட்டில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கணும். கார்பனில் அந்த நெளிவை, இழைகளை எந்தக் கோணத்தில் அடுக்குகிறோம் என்பது தீர்மானிக்கும். ரெசின் இறுகிய பிறகு மனசு மாறினால் பெரும்பாலும் புதுசாத்தான் செய்யணும். அலுமினியத்தை அறுக்கலாம், வெல்டு வைக்கலாம், மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

அதனால் முதல் சேஸிஸ் அலுமினியத்தில் இருக்கட்டும். எங்கே நெளியணும்னு அது கற்றுக்கொடுத்த பிறகு கார்பனுக்குப் போகலாம். எடையைக் குறைப்பது அதற்கு அப்புறம் வரும் வேலை.