தொட்டியில் ஒரு நித்தியகல்யாணி: 25 இலைகளின் கதை

பால்கனி மூலிகைத் தோட்டம் பத்தி பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. துளசி, கற்பூரவல்லி, தூதுவளைன்னு ஒரு லிஸ்ட் போட்டுடலாம். ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒரே ஒரு செடியோட வரலாற்றை மட்டும் இன்னைக்குப் பார்க்கலாம். நித்தியகல்யாணி.

ரோஸ் கலர்ல, வெள்ளைல, ஐந்து இதழோட வருஷம் முழுக்கப் பூக்கும். சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. சுவர் விரிசல்ல விதை விழுந்தாக்கூட முளைக்கிற செடி இது. பால்கனிக்கு எட்டு இன்ச் தொட்டி போதும். அடியில ஓட்டை இருக்கணும், மண்ணோட கொஞ்சம் மணல் கலக்கணும், நல்ல வெயில் வேணும். தண்ணி அதிகமானா வேர் அழுகிடும். அவ்வளவுதான் பராமரிப்பு.

நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் இருக்கிறதால நம்ம ஊர்ச் செடின்னே நினைப்போம். ஆனா இதோட பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல் வழியா உலகம் முழுக்கப் போச்சு. 18-ஆம் நூற்றாண்டுல பாரிஸ் தோட்டத்திலிருந்து விதைகள் லண்டன் செல்சீ மருத்துவத் தோட்டத்துக்கு வந்தன. 1759-ல லின்னேயஸ் இதுக்கு 'வின்கா ரோசியா'ன்னு பேர் வச்சார். இப்போதைய தாவரவியல் பேர் 'கேதராந்தஸ் ரோசியஸ்'.

செடி போன இடத்துல எல்லாம் ஒரு கை வைத்தியமும் உருவாச்சு. பல நாடுகள்ல இதை சர்க்கரை நோய்க்குக் குடிச்சாங்க. நம்ம ஊர்லயும் 'தினமும் நாலு பூ சாப்பிடு, சுகர் குறையும்'னு சொல்ற மாமா கட்டாயம் ஒருத்தர் இருப்பார்.

இனிமேதான் கதை. 1952. கனடாவில் கிளார்க் நோபிள்னு ஒரு டாக்டர். இன்சுலின் கண்டுபிடிப்பு நடந்த காலத்துல டொராண்டோவில் மாணவரா இருந்தவர். ஜமைக்காவிலிருந்து அவருக்கு ஒரு தபால் உறை வருது. உள்ள 25 நித்தியகல்யாணி இலைகள். 'இன்சுலின் கிடைக்காதப்போ இங்க இதைத்தான் டீ போட்டுக் குடிக்கிறாங்க' என்பது செய்தி. அவர் அதை ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகர்ல, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி செஞ்சுட்டிருந்த தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார்.

ராபர்ட் எலிகளுக்கு வாய் வழியா சாறு கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அளவு அசையவே இல்லை. பலபேர் அங்கேயே ஃபைலை மூடியிருப்பாங்க. அவர் ஊசி மூலமாக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சில நாள்லயே செத்துப்போச்சு. ஏன்னு தேடினா, கிருமித் தொற்று. தொற்று எப்படி வந்ததுன்னா, ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சரிஞ்சிருந்தன. இந்த இலை எலும்பு மஜ்ஜையைத் தாக்கியிருக்கு.

நாங்க கோட் எழுதும்போது எரர் லாக்ல எதிர்பார்க்காத ஒரு வரி வந்தா, அதை அழிக்காம நின்னு படிக்கணும்னு சொல்வாங்க. ராபர்ட் செஞ்சது அதுதான். வெள்ளை அணுக்களைக் குறைக்குதுன்னா, அவை கட்டுக்கடங்காம பெருகுற ரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்தலாமேன்னு கேள்வி திரும்புச்சு.

வேதியியலாளர் சார்லஸ் பீர் சேர்ந்தார். 1958-ல 'வின்பிளாஸ்டின்' பிரிச்சு எடுக்கப்பட்டது. அதே காலத்துல அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனமும் இந்தச் செடியைத் தனியா ஆராய்ஞ்சுட்டிருந்தது. அங்க கோர்டன் ஸ்வொபோடா குழு மூலமா 'வின்கிரிஸ்டின்' வந்தது. 1963-ல அமெரிக்காவில் அதுக்கு அனுமதி கிடைச்சது.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நுண்குழாய்கள் வேணும். அந்தக் குழாய்கள் உருவாகவிடாம இந்த மருந்துகள் தடுக்கும். பிரிய முடியாத செல் சாகும். அப்போ ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் சில மாசம்தான் இருந்தாங்க. இன்னைக்கு, நல்ல சிகிச்சை கிடைக்கிற நாடுகள்ல, குழந்தைகளுக்கு அதிகம் வர்ற வகையில பத்துல ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. பல மருந்துகள் சேர்ந்து செய்யுற வேலை அது. அந்தக் கூட்டணியில வின்கிரிஸ்டின் இன்னும் இருக்கு.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேணும். அதனாலதான் இது வயல் பயிராவும் ஆச்சு. நம்ம தென் மாவட்டங்கள்ல மானாவாரி நிலத்துல விளைஞ்சு ஏற்றுமதியானது இந்தச் செடி. 2022-ல விஞ்ஞானிகள் ஈஸ்ட்டுக்குள்ள மரபணுக்களை வச்சு, வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களைத் தயாரிச்சுக் காட்டினாங்க. அதே சமயம், செடியைத் தந்த மடகாஸ்கருக்கும், குறிப்பைத் தந்த ஜமைக்கா மக்களுக்கும் என்ன பங்கு கிடைச்சதுங்கிற கேள்வி இன்னும் முடியலை.

அப்போ பாட்டி வைத்தியம் பொய்யா? 'இந்த இலைக்குள்ள ஏதோ இருக்கு'ங்கிறதுல ஜமைக்கா வீட்டுக்காரங்க சரி. எதுக்கு, எவ்வளவுங்கிறதைச் சோதனைதான் சொல்லுச்சு. அந்தக் குறிப்பு இல்லாம ராபர்ட் மேஜைக்கு அந்த இலை வந்திருக்காது. சோதனை இல்லாம அந்த இலை மருந்தாகியிருக்காது.

அதனால மாமாவுக்கு இந்த எபிசோடை ஃபார்வர்ட் பண்ணுங்க. எலும்பு மஜ்ஜையைத் தாக்குற பொருள் இருக்கிற இலையையோ பூவையோ, சுகர் மாத்திரையை நிறுத்திட்டுச் சாப்பிடக் கூடாது. செல்லப் பிராணியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்ல தொட்டியை எட்டாத உயரத்துல வைங்க. பூவைப் பார்த்து ரசிங்க. கஷாயத்துக்குப் பக்கத்துத் தொட்டியில துளசி இருக்கு. அதோட கதை அடுத்த எபிசோட்ல.