நிலமும் விடுதலையும்: அமெரிக்க உள்நாட்டுப் போரும் செங்கற்பட்டுப் படியாட்களும்

'ஆள்' என்னும் தமிழ்ச்சொல் வினையாக நிற்கும்போது ஆட்சி செய்தலையும், பெயராக நிற்கும்போது பணி செய்பவனையும் குறிக்கும். தொண்டை மண்டலத்து வேளாண் வழக்கில் நிலவிய 'படியாள்' என்பது இரண்டாவது பொருளைச் சார்ந்தது. நாணயமாக அன்றிப் படிக் கணக்கில் தானியமாகக் கூலி பெற்று, ஒரே பண்ணைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்தவர்கள் படியாட்கள். பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம் இவ்வழக்கம் ஆழ வேரூன்றிய பகுதியாகும். அமெரிக்க நாட்டில் அடிமை முறையை ஒழித்த போரின் வரலாற்றை இம்மண்ணின் வரலாற்றோடு இணைத்து நோக்குமிடத்து, இரண்டிலும் ஒரே வினா எழுவதைக் காணலாம். விடுதலை பெற்றவன் யாருடைய நிலத்தில் நிற்பான் என்பதே அவ்வினா.

மேற்கே விரிந்த நிலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு நோக்கி விரிந்தன. அந்நிலம் ஆளற்ற நிலம் அன்று. தொல்குடி மக்கள் வாழ்ந்த நிலம். அவர்களை அப்புறப்படுத்திப் புதிய மாநிலங்கள் உருவாக்கப்பட்டபோது, அவற்றில் அடிமை முறை இடம்பெறலாமா என்ற பூசல் எழுந்தது. 1820இல் மிசௌரி உடன்பாடு ஓர் எல்லைக்கோட்டை வகுத்தது. மெக்சிகோவோடு 1846 முதல் 1848 வரை நடந்த போரில் கைப்பற்றிய பெருநிலம் அப்பூசலை மீண்டும் கிளறியது. 1854ஆம் ஆண்டின் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் பழைய எல்லைக்கோட்டை அழித்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்கள் ஆகார் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமை முறை மேற்கே பரவலாகாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் 1860இல் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றதும் தென் மாநிலங்கள் பிரிந்தன. 1861இல் போர் மூண்டது. ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போர் நடந்துகொண்டிருந்த 1862இல், மேற்கே சென்று குடியேறி உழுவார்க்குத் தலைக்கு 160 ஏக்கர் வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1863 சனவரி 1ஆம் நாள் லிங்கனின் விடுதலை அறிக்கை நடைமுறைக்கு வந்தது. 1865 சனவரியில் படைத்தலைவர் ஷெர்மன், தென்கிழக்குக் கடலோர நிலத்தில் விடுதலை பெற்ற குடும்பம் ஒவ்வொன்றிற்கும் நாற்பது ஏக்கர் வரை ஒதுக்குமாறு ஆணையிட்டார். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அங்குக் குடியேறினர். லிங்கன் கொலையுண்டபின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் நிலத்தைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பியளித்தார். 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது; ஆயினும் விடுதலை பெற்றோருள் மிகப் பலர் பழைய பண்ணைகளிலேயே வாரத்திற்கு உழுது கடனில் மூழ்கினர். நிலத்தைப் பற்றிய பூசலில் தொடங்கிய போர், நிலத்தைக் கொடாமலே முடிந்தது.

சட்டம் வந்தது, நிலம் வரவில்லை

இந்தியாவில் அடிமை ஒழிப்புச் சட்டம் அமெரிக்கப் போருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1843இல், வந்துவிட்டது. அடிமை மீது உடைமை உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் இனி ஏற்கலாகாது என்றது அச்சட்டம். 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. லிங்கனின் அறிக்கை நடைமுறைக்கு வந்த நாளுக்குச் சரியாக ஓராண்டு முந்தியது இந்நாள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததைப் போற்றிய சோதிராவ் புலே, 1873இல் வெளியிட்ட தம் 'குலாம்கிரி' நூலை அந்நாட்டு மக்களுக்கே உரிமையாக்கினார்.

செங்கற்பட்டிலோ, சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் படியாள் படியாளாகவே இருந்தான். மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்கீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை இதன் காரணத்தைக் காட்டுகிறது. பறையர் மக்களுள் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. குடிசை நின்ற மனையும் மிராசுதார் ஆதிக்கத்தில் இருந்தமையால், எதிர்த்துப் பேசியவன் வீட்டையும் இழக்க நேர்ந்தது. தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. கடனுக்காகத் தம்மையும் தம் மக்களையும் பணிக்குப் பிணைத்துக்கொள்ளும் வழக்கமும் நீடித்தது. இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பரில் பிறந்த அரசாணையின் வழியாகவே, பின்னாளில் 'பஞ்சமி நிலம்' எனப் பெயர் பெற்ற நிலங்கள் வழங்கப்படலாயின. நாற்பது ஏக்கர் ஆணையை அமெரிக்கா வெளிப்படையாகத் திரும்பப் பெற்றது. இங்கு ஆணை நின்றது. நிலம் சிறிது சிறிதாகக் கைமாறியது. 1994 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின்போது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

இரு நந்தனார்கள்

இவ்வுண்மையை இலக்கியமும் தன் வழியில் பதிந்து வைத்துள்ளது. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய திருநாளைப்போவாருக்கு, ஊர்ப்பணிக்கென விடப்பட்ட நிலம் உணவுக்கு உரிமையாக இருந்தது. தில்லைக்குச் செல்ல அவரைத் தடுத்தது பிறப்பு பற்றிய அச்சமே. தடுக்கும் ஆண்டை ஒருவர் பெரிய புராணத்தில் இல்லை. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். அவர் விடை கொடுத்தாலன்றி ஊரைவிட்டு அகல முடியாது. நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓரிரவில் முடித்தால் போகலாம் என்கிறார் அவர். இறைவன் அருளால் வேலை முடிகிறது. ஆனால் அந்நிலத்தில் ஒரு குழியும் நந்தனுக்கு உரியதாகவில்லை.

அமெரிக்க அடிமைக்குச் சொல்லப்பட்டது நாற்பது ஏக்கர்; நந்தன்மேல் சுமத்தப்பட்டது நாற்பது வேலி. எண் ஒத்தது தற்செயலே. எனினும் சேக்கிழார்க்கும் பாரதியார்க்கும் இடைப்பட்ட ஏழு நூற்றாண்டுகளில் நந்தன் கதையிலிருந்து நிலம் விலகி ஆண்டை நுழைந்ததைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது. நிலமுடைய நந்தன் 'நாளைப் போவேன்' என்றபோது அது தனக்குத்தானே சொல்லிக்கொண்ட உறுதிமொழி. நிலமற்ற நந்தன் அதையே சொன்னபோது அது மற்றொருவரிடம் இறைஞ்சிய விண்ணப்பமாயிற்று.

சமதருமப் பாங்கான சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் எனக் காங்கிரசு மாநாடு 1955 சனவரியில் முழங்கியது ஆவடியில்தான். அடுத்த பத்தாண்டுகளில் இப்பகுதியின் வயல்கள் தொழிற்சாலைகளாகவும் குடியிருப்பு மனைகளாகவும் மாறத் தொடங்கின. படிக் கூலி போய் மாதச் சம்பளம் வந்தது. ஆண்டையிடம் விடை கேளாமல் வேலைக்குப் போகும் நிலையும் வந்தது. இது பெரும் மாற்றமே. ஆயினும் வயல் மனையானபோது அதன் விலை யார் கைக்குப் போயிற்று என்னும் வினா எஞ்சி நிற்கிறது. விடுதலையைப் பாடும் கவிஞர்கள் அறுந்த விலங்கைப் பாடுவதோடு அமையாமல், விலங்கு அறுந்தவன் கால் ஊன்றும் இடத்தையும் பாடவேண்டும். அதுவரை அப்பாடல் பாதிப் பாடலே ஆகும்.